அமெரிக்க அரசு ஏன் முடங்குகிறது? அந்த மிரட்டலால் செலவு குறைந்திருக்கிறதா?

கேள்வி இது: உலகின் பெரிய பணக்கார நாட்டில் அரசு அலுவலகங்கள் எப்படித் திடீரென்று பூட்டப்படுகின்றன? செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு தரப்பு அடம்பிடித்து, முடக்கம் வரை கொண்டுபோவதால் உண்மையிலேயே செலவு குறைகிறதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கஜானா காலியானதால் அமெரிக்க அரசு முடங்குவதில்லை. பணம் இருக்கும், வரி வந்துகொண்டிருக்கும், கடன் கொடுக்கவும் உலகம் வரிசையில் நிற்கும். இல்லாமல் போவது, அந்தப் பணத்தைச் செலவழிப்பதற்கான சட்ட அனுமதி மட்டுமே. கடன் உச்சவரம்பு என்று அடிக்கடி செய்திகளில் வருவது வேறு விவகாரம். அது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குக் கடன் வாங்குவதைப் பற்றியது, அதன் கெடுவும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் புரியாது.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே, சட்டத்தின் மூலம் ஒதுக்கப்படாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அரசுத் துறைகள் ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே தீர்த்துவிட்டு, 'கடன் வைத்துவிட்டோம், நீங்கள்தான் கட்ட வேண்டும்' என்று காங்கிரஸிடம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்திடம், வந்து நின்றன. அதைத் தடுக்க 1870இல் ஒரு சட்டம் வந்தது. 1884இல் அதை இறுக்கி, ஊழியர்கள் சம்பளம் வாங்காமல் தாமாக முன்வந்து வேலை செய்வதைக்கூடத் தடுத்தார்கள். பின்னாளில் அதைக் காட்டிப் பணம் கேட்பார்களே என்பதுதான் பயம். இன்றைக்கும் முடக்கத்தின்போது கட்டாய விடுப்பில் இருக்கும் ஊழியர், அலுவலக மின்னஞ்சலைத் திறந்து ஒரு பதில் அனுப்பினால்கூட அது விதிமீறல். தெரிந்தே மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ என்று சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சட்டத்தை வைத்து யாரும் அலுவலகத்தைப் பூட்டவில்லை. நிதி மசோதா தாமதமானால் துறைகள் பயணம், புது ஆள் சேர்ப்பு போன்றவற்றை மட்டும் நிறுத்திவிட்டு, 'எப்படியும் பணம் வரும்' என்று வேலையைத் தொடர்ந்தன. 1980 ஏப்ரலில் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லாவிட்டால் துறையை மூடத்தான் வேண்டும் என்று எழுத்தில் கருத்துச் சொன்னார். மே 1 அன்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. அடுத்த ஜனவரியில் அவரே, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பான பணிகள் மட்டும் தொடரலாம் என்று விலக்குக் கொடுத்தார். இன்று நாம் பார்க்கும் முடக்கத்தின் இலக்கணம் முழுக்க இந்த இரண்டு கடிதங்களில்தான் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், முடக்கம் என்பது அரசியலமைப்போடு பிறந்த விதி அல்ல. ஒரு சட்ட விளக்கத்தால் வந்தது, ஒரு சட்டத்தால் போகக்கூடியது.

பிரிட்டனிலோ இந்தியாவிலோ கீழவையில் நிதி மசோதா தோற்றால் அரசே கவிழும், அதனால் இந்த நிலைக்கு வரவே வராது. அமெரிக்காவில் அதிபரும் காங்கிரஸும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். யாரும் யாரையும் கவிழ்க்க முடியாது. ஆண்டுக்கு 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் நிறைவேறி, அதிபரின் கையெழுத்தும் வேண்டும். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 100 பேரில் 60 பேர் சம்மதிக்க வேண்டும், அதனால் சிறுபான்மைக் கட்சிக்கும் தடுக்கும் பலம் உண்டு. கெடு, நிதி ஆண்டு தொடங்கும் அக்டோபர் 1. ஒதுக்கீட்டு மசோதாக்கள் எல்லாமே கெடுவுக்குள் சட்டமான கடைசி ஆண்டு 1996. அதன் பிறகு எல்லா ஆண்டும் பழைய அளவிலேயே சில வாரம், சில மாதம் தள்ளிப்போடும் இடைக்கால நிதி மசோதாக்கள்தான். ஒவ்வொரு தள்ளிப்போடலும் ஒரு புதுக் கெடு, ஒவ்வொரு கெடுவும் பேரத்துக்கு ஒரு புது வாய்ப்பு.

இப்போது செலவுக்கு வருவோம். இதை விளக்க 2011 ஏப்ரலைவிட நல்ல உதாரணம் கிடையாது. அப்போது முடக்கம் தவிர்க்கப்பட்டது. அதே சமயம் 'வரலாறு காணாத வெட்டு' என்று இரு தரப்பும் அறிவித்தன. பிறகு ஒவ்வொரு டாலரும் எங்கே போனது என்று கணக்கும் வெளியே வந்தது.

2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. புதுமுகங்கள் மட்டும் 87 பேர். முதல் ஆண்டிலேயே 10,000 கோடி டாலரைக் குறைப்போம் என்பது அவர்கள் வாக்குறுதி. இந்த எண்ணிலேயே ஒரு சூட்சுமம் உண்டு. எதிலிருந்து குறைப்பது? அந்த 10,000 கோடி, அதிபர் ஒபாமா 2011ஆம் ஆண்டுக்குக் கேட்டிருந்த தொகையோடு ஒப்பிட்டுச் சொன்னது. அந்தத் தொகை ஒருபோதும் சட்டமாகவில்லை. முந்தைய ஆண்டு நிஜமாக ஒதுக்கியதோடு ஒப்பிட்டால் அதே வெட்டு 6,100 கோடியாகச் சுருங்கிவிடும். கட்சித் தலைமை முதலில் 3,200 கோடி என்றுதான் ஆரம்பித்தது. புதுமுகங்கள் கொதித்தெழுந்ததால் 6,100 கோடிக்கு ஏற்றி, பிப்ரவரி 19 அன்று சபையில் நிறைவேற்றினார்கள். மார்ச்சில் செனட் அதை நிராகரித்தது. வெட்டு பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் 'எந்த அடித்தளத்திலிருந்து?' என்று முதலில் கேளுங்கள். பாதி வெட்டு அங்கேயே ஆவியாகிவிடும்.

அப்புறம் தள்ளிப்போடல்கள் தொடங்கின. முதலில் மார்ச் 18 வரை, 400 கோடி வெட்டோடு. பிறகு ஏப்ரல் 8 வரை, இன்னும் 600 கோடி வெட்டோடு. ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமை நள்ளிரவு கெடு. சுமார் 8 லட்சம் ஊழியர்கள் திங்கள் முதல் வீட்டில் இருக்க வேண்டிவரும் என்ற நிலை. வாஷிங்டனில் அது செர்ரிப் பூக்களின் பருவம். நாடெங்கிலுமிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவர்களுக்கு மறுநாள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் திறக்குமா, திருவிழா ஊர்வலம் நடக்குமா என்று தெரியவில்லை. சபாநாயகர் ஜான் பேனர், செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், ஒபாமா மூவரும் நாள் முழுக்கப் பேசினார்கள்.

கடைசி நேரத்தில் இழுபறி தொகையைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை தரும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்புக்குக் கூட்டாட்சிப் பணம் போகக் கூடாது, பசுமைக்குடில் வாயுக்களைச் சுற்றுச்சூழல் முகமை கட்டுப்படுத்தக் கூடாது என்றெல்லாம் மசோதாவில் ஒட்டு நிபந்தனைகள் இருந்தன. செலவுச் சண்டை என்று தொடங்குகிற பல சண்டைகள் இப்படித்தான் வேறு சண்டையாக முடிகின்றன. அந்த இரண்டு நிபந்தனைகளும் கைவிடப்பட்டன. வாஷிங்டன் நகரம் தன் சொந்த வரிப்பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்ற தடை மட்டும் உள்ளே வந்தது. பேரம் பேசிய மேசையில் அந்த நகர மக்களுக்கு வாக்குரிமையுள்ள ஓர் உறுப்பினர்கூட இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நள்ளிரவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 3,850 கோடி டாலர் வெட்டு. மசோதாவை எழுதி முடிக்க அவகாசம் வேண்டும் என்பதால் ஒரு வாரத்துக்கு ஓர் இடைக்கால மசோதா போட்டார்கள், பிரதிநிதிகள் சபை அதை நள்ளிரவு தாண்டி 348–70 என்று நிறைவேற்றியது. சனிக்கிழமை ஒபாமா சொல்லாமல் கொள்ளாமல் லிங்கன் நினைவகத்துக்குப் போய்ச் சுற்றுலாப் பயணிகளோடு கைகுலுக்கினார். முடக்கம் வந்திருந்தால் அந்தப் படிக்கட்டு அன்று மூடியிருக்கும்.

அடுத்த வாரம் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் மசோதாவை உட்கார்ந்து கணக்குப் போட்டது. கட்சி சாராத அலுவலகம் அது. போர்ச் செலவு தவிர்த்துப் பார்த்தால், அந்த நிதி ஆண்டு முடியும் செப்டம்பர் 30க்குள் கருவூலத்திலிருந்து வெளியேறும் பணம் எவ்வளவு குறையும்? 35.2 கோடி டாலர். 3,850 கோடி எங்கே, 35.2 கோடி எங்கே! நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இது மோசடியா என்றால், சட்டப்படி இல்லை. எப்படி நடந்தது என்று பார்ப்போம். காங்கிரஸ் கொடுப்பது செலவு செய்யும் அதிகாரத்தை. பணம் வெளியேறுவது பிறகு, சில சமயம் பல ஆண்டு கழித்து. வீடு கட்ட வங்கி அனுமதித்த கடனும், இதுவரை கொத்தனாருக்குக் கொடுத்த காசும் வேறு வேறு அல்லவா, அது மாதிரி. அனுமதித்து, யாரும் தொடாமல் கிடந்த தொகையை ரத்து செய்தால் தாளில் பெரிய வெட்டு, நிஜத்தில் ஒரு காசு மிச்சமில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்துபோன வேலை. அதற்கு மறுபடி பணம் தேவையில்லை என்பதும் வெட்டுக் கணக்கில் சேர்ந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நிதியில், ஆண்டு உச்சவரம்பால் எப்படியும் அந்த ஆண்டு வெளியே போகாத இருப்புத் தொகையும் அப்படியே. இன்னொரு பக்கம் ராணுவத்துக்கு ஒதுக்கீடு சுமார் 500 கோடி கூடியது. ராணுவப் பணம் வேகமாகச் செலவாகும், அது மற்ற வெட்டுகளின் சேமிப்பை விழுங்கிவிட்டது. பத்து ஆண்டில் சேமிப்பு இன்னும் கூடும் என்றாலும், அப்போதும் 3,850 கோடியை எட்டாது என்பதுதான் மதிப்பீடு.

வலித்த வெட்டுகளும் இல்லாமல் இல்லை. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையைக் கோடைக்காலப் படிப்புக்கும் சேர்த்து வாங்கும் வசதி பறிபோனது. சுற்றுச்சூழல் முகமைக்குச் சுமார் 160 கோடி குறைந்தது. அதிவேக ரயிலுக்கு அந்த ஆண்டுப் பணம் நின்றது. உண்மையான வெட்டு விழுந்தது பலமில்லாதவர்கள் மேல், காகித வெட்டு மீதியை நிரப்பியது. ஏப்ரல் 14 அன்று பிரதிநிதிகள் சபை 260–167 என்று நிறைவேற்றியபோது, கணக்கைப் படித்த 59 குடியரசுக் கட்சியினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் கொள்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற அவர்கள் ஆதங்கம் நியாயமானது.

சரி, இன்னும் பெரிதாக மிரட்டியிருந்தால் வெட்டு பெரிதாக இருந்திருக்குமா? அதற்கும் இடமில்லை. அந்த ஆண்டு அமெரிக்க அரசின் மொத்தச் செலவு சுமார் 3.6 லட்சம் கோடி டாலர், பற்றாக்குறை சுமார் 1.3 லட்சம் கோடி. செலவில் பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு, கடனுக்கு வட்டி. இவை நிரந்தரச் சட்டங்களின்படி ஓடுகின்றன, ஆண்டு மசோதாவில் வருவதே இல்லை, முடக்கத்திலும் நிற்பதில்லை. ஆண்டு மசோதாவில் வருவதில் பாதிக்கு மேல் ராணுவம். மிச்சமிருக்கும் சின்னத் துண்டில்தான் பள்ளி, ஆராய்ச்சி, பூங்கா, உணவுப் பரிசோதனை எல்லாம் இருக்கின்றன. பற்றாக்குறையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், பற்றாக்குறை பிறக்கும் இடத்தைத் தொடாத மசோதாவைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு வரை போராடினார்கள்.

எதிர்வாதம் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 2011 ஆகஸ்ட்டில் கடன் உச்சவரம்பை வைத்து நடந்த மோதலில் பிறந்த சட்டம், பத்தாண்டுக்கு ஒதுக்கீட்டு வரம்புகளை வைத்தது. அது நிஜமாகவே செலவைக் கட்டுப்படுத்தியது. ஆனால் நாடே கடன் தவறும் விளிம்புக்குப் போனதற்கு விலையாக ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் மிக உயர்ந்த கடன் தரத்தைக் குறைத்தது. வரம்புகளையும் 2013 டிசம்பர் முதல் இரு கட்சிகளும் சேர்ந்தே பலமுறை தளர்த்தின. அதற்கு முன் 1990இலும் 1997இலும் போடப்பட்ட பட்ஜெட் ஒப்பந்தங்கள்தான் பற்றாக்குறையைக் குறைத்தவை. 1990இல் ஒரு வார இறுதி முடக்கம் நடந்தது உண்மை. ஆனால் அதற்கு முன் மாதக்கணக்கில் பேச்சு நடந்தது, மூத்த புஷ் 'புது வரி இல்லை' என்ற தன் வாக்குறுதியையே கைவிட்டார். செலவையும் வரியையும் ஒன்றாக வைத்துப் பேசினால்தான் கணக்கு நேராகும்.

முடக்கம் வரை போனவர்கள் என்ன பெற்றார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். 1995–96இல் மெடிகேர் செலவைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் நியூட் கிங்ரிச் தரப்பு 5 நாள், பிறகு 21 நாள் மூடியது. மக்கள் பழியை அவர்கள் மேல் போட்டார்கள், கிளின்டன் மறுதேர்தலில் வென்றார். 2013இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பணத்தை நிறுத்தச் சொல்லிக் குடியரசுக் கட்சி 16 நாள். சட்டம் அப்படியே நின்றது. 2018–19இல் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப் 35 நாள். கிடைத்தது சுமார் 137 கோடி. 2025இல் தலைகீழாக, மருத்துவக் காப்பீட்டு மானியம் காலாவதியாகிப் பிரீமியம் ஏறுவதைத் தடுக்க ஜனநாயகக் கட்சியினர் செனட்டில் வாக்கைத் தர மறுத்தார்கள். அதுவரை இருந்த 35 நாள் என்ற உச்சத்தைத் தாண்டி 43 நாள் போனது, நவம்பர் 12 அன்று முடிந்தது. மானியம் கிடைக்கவில்லை. டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற உறுதி கிடைத்தது, அந்த வாக்கெடுப்பும் தோற்றது. அவர்கள் கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். கோரிக்கை நியாயமானதால் ஆயுதம் பலித்துவிடவில்லை. முடக்கினால் அரசு சிக்கனமாகும் என்பதும் நடக்கவில்லை, முடக்கினால் வெட்டு நிற்கும் என்பதும் நடக்கவில்லை.

சிக்கனம் என்ற வாதத்தை முடித்துவைக்க இன்னொரு எண். 2013 முடக்கத்தில் வேலையே செய்ய விடாமல் வீட்டில் உட்கார வைத்த ஊழியர்களுக்குப் பிறகு கொடுத்த சம்பளம் மட்டும் சுமார் 200 கோடி டாலர். 2011 வெட்டின் முதல் ஆண்டுச் சேமிப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல். 2018–19 முடக்கத்தால் பொருளாதாரம் 1,100 கோடி டாலர் உற்பத்தியை இழந்தது, அதில் 300 கோடி திரும்பவே வராது என்று அதே பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது.

அப்படியானால் ஏன் தவிர்ப்பதில்லை? தவிர்ப்பவருக்குக் கிடைக்கும் பரிசைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 30 அன்று சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி எதிர்க்கட்சி வாக்குகளையும் சேர்த்து 335–91 என்று இடைக்கால மசோதாவை நிறைவேற்றி, முடக்கத்தைத் தடுத்தார். மூன்றாம் நாள் அவர் கட்சியின் 8 பேர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து 216–210 என்று அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஒரு சபாநாயகர் இப்படி வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. இதைப் பார்த்த அடுத்தவருக்கு என்ன துணிச்சல் வரும்?

2025இல் இன்னொரு முட்டுக்கட்டை சேர்ந்துகொண்டது. ஜூலையில் வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு இரண்டிலும் ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 900 கோடி டாலரைக் குடியரசுக் கட்சி தன் வாக்குகளை மட்டும் வைத்து ரத்து செய்தது. ஆகஸ்ட் கடைசியில், நிதி ஆண்டு முடியப்போகிற நேரம் பார்த்து, இன்னும் 490 கோடியை ரத்து செய்யக் கேட்டு அதிபர் நிறுத்திவைத்தார். காங்கிரஸ் பதில் சொல்வதற்குள் பணம் காலாவதியாகிவிடும். பேரத்தில் ஒப்புக்கொண்டதைப் பிறகு ஒரு தரப்பு மட்டும் ரத்து செய்ய முடியும் என்றால், மறுதரப்பு எதை நம்பிக் கைகொடுக்கும்? 60 வாக்கு தேவைப்படும் இடத்தில் நம்பிக்கை உடைந்தால் மசோதாவும் உடையும்.

நம்மவர்களுக்கும் இதில் நேரடிப் பாதிப்பு உண்டு. குடியேற்றச் சேவை அலுவலகம் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் மூடுவதில்லை. ஆனால் எச்-1பி விசாவுக்கு முதலில் தொழிலாளர் துறையின் ஒப்புதல் வேண்டும், அந்தத் துறை ஆண்டு ஒதுக்கீட்டில் ஓடுகிறது. 2013இலும் 2025இலும் அந்தப் பிரிவு நின்றுபோனதால் புதிய வேலைக்கு மாறுவதும் நீட்டிப்பும் அங்கேயே தேங்கின. அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு என் யோசனை: விசா காலம் அக்டோபரை ஒட்டி முடிகிறது என்றால், செப்டம்பர் தொடக்கத்திலேயே நிறுவனத்தை நச்சரித்து அந்த முதல் படியை முடித்துவிடுங்கள்.

தீர்வு கடினமானதல்ல. கெடுவுக்குள் மசோதா நிறைவேறாவிட்டால் பழைய அளவிலேயே ஒதுக்கீடு தானாகத் தொடரும் என்று ஒரு சட்டம் போட்டால் போதும். விஸ்கான்சின் மாநிலத்தில் அப்படித்தான் நடக்கிறது. காங்கிரஸிலும் இதற்கு மசோதாக்கள் பலமுறை வந்து, நிறைவேறாமல் போயிருக்கின்றன. கெடு இல்லையென்றால் யாரும் பேச வரமாட்டார்கள், பழைய ஒதுக்கீடே காலாகாலத்துக்கும் நிற்கும் என்பது ஒதுக்கீட்டுக் குழுவினரின் ஆட்சேபம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 1996க்குப் பிறகு கெடு இருந்தும் அவர்கள் நேரத்துக்கு முடித்ததில்லையே. உறுப்பினர்கள் ஊருக்குப் போக முடியாது, வேறு எந்த மசோதாவையும் எடுக்க முடியாது என்று நெருக்கடியை அவர்கள் தலையில் வைக்கும் ஒரு முன்மொழிவும் இருக்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

அதற்கு முன் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2019இல் வந்த சட்டத்தின்படி அரசு ஊழியர்களுக்கு முடக்கம் முடிந்ததும் பாக்கிச் சம்பளம் உறுதி. அதே கட்டடங்களில் தரை துடைக்கிறவர்கள், காவல் நிற்கிறவர்கள், உணவகத்தில் சமைக்கிறவர்கள் ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்கள் இழந்த நாளின் கூலி இழந்ததுதான். அவர்களையும் சேர்க்கக் கோரும் மசோதா 2019 முதல் காங்கிரஸில் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த கெடு வருவதற்குள் நிறைவேற்ற வேண்டிய மசோதா அது.